காய்ந்த தரை

படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த நேரத்தை அவள் இன்னொரு முறை படித்தாள். காலை பத்து பன்னிரண்டு.

பதினெட்டு வருடங்களுக்கு முன்பு செயற்கைக்கோள் எடுத்த படம் அது. கடலோரச் சதுப்பு எங்கே இருந்தது, எங்கே போய்த் தொலைந்தது என்று பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் அலுவலகத்தின் வேலை. கண் பூத்துப் போகிற வேலை. பாராட்டு மட்டும் மேலதிகாரிக்கு. அந்தக் காலத்தில் படம் எடுத்த நாளைப் பார்ப்பார்களே தவிர, நேரத்தை எந்த மகராசனும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் கடல் ஏறியிருந்ததா, இறங்கியிருந்ததா என்று எழுத இந்த வருடம்தான் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள்.

துறைமுகத்தின் பழைய அட்டவணையைப் புரட்டினாள். அன்று பத்து மணிக்குக் கடல் அந்த வருடத்திலேயே மிகவும் கீழே இறங்கியிருந்தது. சேறு வெயிலில் வெளுத்துக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் போய் ‘காய்ந்த தரை’ என்று பழுப்பு வண்ணம் அடித்த புண்ணியவதி யார்? கோப்பில் இருந்தது அவளுடைய பணியாளர் எண்.

அந்தப் பழுப்பை நம்பித்தான் கரை போட்டு, மண் கொட்டி, வீடு கட்டினார்கள். அதில் ஒரு வீடு அவள் தங்கையுடையது.

அடுத்த மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “அப்ப எல்லாரும் அப்படித்தாம்மா பண்ணினோம். கமுக்கமா திருத்திட்டுப் போங்க.”

அவள் இன்றைய அட்டவணையைப் பார்த்தாள். அமாவாசை. நாலரை மணிக்கு இந்த வருடத்தின் மிகப் பெரிய ஏற்றம். இப்போது மணி மூன்று. உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

“வீட்டுல எங்கயாவது ஈரம் இருக்காடி?”

“சமையலறை மூலையில கசியுதுக்கா. அவரு ரெண்டு தடவை குழாயை மாத்திட்டாரு, நிக்கவே மாட்டேங்குது.”

“தொட்டு நாக்குல வச்சுப் பாரு.”

“சீ, உனக்கென்ன பைத்தியமா?”

“சொன்னதைச் செய்.”

போனில் குழந்தையின் மழலை மட்டும் கேட்டது. உப்பாக இருக்கக் கூடாது, உப்பாக மட்டும் இருக்கக் கூடாது என்று அவள் முணுமுணுத்தாள். அத்தனை பயம்.

“உப்புக் கரிக்குதுக்கா.”

“கரைக்கு அடியில கடல் வந்துடுச்சு. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இப்பவே கிளம்பு. ஒண்ணையும் எடுக்காத.”

“கெட்டித் தரைன்னு நீதானேக்கா சொன்ன?”

“நான்தான் சொன்னேன். அது தப்பு.”

தங்கை மெல்லச் சொன்னாள். “இந்தத் தெருவுல இருபது வீடுக்கா. எங்கக்காவே பார்த்துச் சொன்ன இடம்னு நான்தான் எல்லாரையும் வாங்க வச்சேன்.”

வெளியே சொல்ல வேண்டாம் என்பதுபோல் அடுத்த மேசைக்காரர் தலையை ஆட்டினார். அவள் எழுந்து நின்றுகொண்டாள்.

“ஒவ்வொரு கதவா தட்டு. நான் வந்துக்கிட்டே இருக்கேன். யாரு சொன்னதுன்னு கேட்டா, என் பேரையே சொல்லு.”