விளக்கறையில் ஹெட்டி

1

இந்தக் கதை எனக்கு பிளாக்பெர்ரிப் பழம் பறிக்கப் போன இடத்தில் கிடைத்தது. ஆஸ்டர்விக் நிலையத்தில் ரயில் நின்று நெடுங்காலம் ஆகிறது. நடைமேடை முழுக்க முட்புதர். நிலைய வீட்டில் தனியாக வசிக்கும் ஹெட்டி ஸ்ப்ராக்ஸ்டன் என் கூடையை எட்டிப்பார்த்து, "கீழ இருக்கறதப் பறிக்காத கண்ணு, ஊர் நாயெல்லாம் அங்கதான் காலைத் தூக்குது," என்றார். பிறகு, நான் கேட்காமலே, தன் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

(நான் எழுதுகிறவள் என்று அவருக்குத் தெரியும். அதனால் சொன்னாரா, அதையும் மீறிச் சொன்னாரா, தெரியவில்லை.)

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: "விக்டோரியா மகாராணி காலத்தில், தன் மான்கள் மிரளும் என்று ஒரு பண்ணையார் அடம்பிடித்ததால், நிலையம் ஊருக்கு வெளியே வயல் நடுவில் கட்டப்பட்டது. பட்டாணி மூட்டைகள், பால் கேன்கள், கோடையில் கடலுக்குப் போகும் குடும்பங்கள் என்று..."

ஹெட்டியிடம் வாசித்துக் காட்டினேன்.

"மானை யாரு கேட்டா? மொதல்ல என்னை வண்டியிலேர்ந்து இறக்கு."

இறக்குகிறேன்.

3

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய செப்டம்பர். குண்டு விழும் என்று ஹல் நகரத்துப் பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்பினார்கள். ஆறு வயது ஹெட்டி, சட்டையில் பெயர் அட்டையோடு இறங்கினாள். ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பிள்ளையாகப் பார்த்து அழைத்துப் போனார்கள். மூக்கு ஒழுகிய ஹெட்டியை யாரும் தொடவில்லை. நிலைய அதிபரின் மனைவி நோரா பிளென்கின் கைக்குட்டையை அவள் மூக்கில் வைத்து, "சிந்து," என்றாள். அவ்வளவுதான் தத்தெடுப்பு.

(அன்று அவள் எவ்வளவு அழுதாள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். "நான் எங்க அழுதேன்? முட்டை குடுத்தாங்க, தின்னேன்," என்றார். பத்தியை எடுத்துவிட்டேன்.)

வருடங்கள் மூடுபனிபோல் போயின. கடலிலிருந்து வெண்பனி ஊர்ந்து வந்து தண்டவாளத்தை விழுங்கும். முதலில் சத்தம் வரும், பிறகு வெளிச்சம், அதற்கும் பிறகுதான் வண்டி. ரயில்கள் எந்த ஊரிலிருந்தும் வருவதில்லை, பனிதான் அவற்றைச் செய்து அனுப்புகிறது என்று ஹெட்டி நம்பினாள். வெடிமருந்து ஆலையில் வேலை செய்த அம்மாவின் முகம் மட்டும் அவளுக்கு

[வாக்கியத்தை முடிக்க வரவில்லை. அவளுக்கும் அந்த முகம் முழுதாக வரவில்லை.]

4

போர் முடிந்த கோடையில் அம்மா ஐவி வந்தாள். கையில் சிவப்புக் கம்பளிக் கோட்டு. அது ஆறு வயதுப் பிள்ளையின் அளவு. ஹெட்டிக்கோ பன்னிரண்டு. கோட்டைப் பார்த்ததும், நிலையத்து விளக்குகளை வைக்கும் விளக்கறைக்குள் ஓடி, மண்ணெண்ணெய் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

ஓடியதை நோரா பார்த்திருந்தாள். இருந்தும் ஐவியிடம், "அடடா, பிள்ளைங்களோட கடற்கரைக்குப் போயிட்டாளேம்மா," என்றாள்.

"பரவாயில்லீங்க. இருந்து பாத்துட்டுப் போறேன்."

பகல் முழுதும் ஐவி விளக்கறைச் சுவரில் சாய்ந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஹெட்டி. அம்மா இருமுவது கேட்டது.

(ஒரு வரைவில் இங்கே கதவைத் திறந்துவிட்டேன். இருவரும் கட்டிக்கொண்டார்கள். வாசித்த ஹெட்டி தாளை மடித்துத் திருப்பித் தந்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் தொறக்கல.")

மாலை வண்டியில் ஐவி போனாள். கோட்டைப் பெஞ்சிலேயே மடித்து வைத்திருந்தாள். பிறகு ஓர் அஞ்சலட்டை வந்தது: உனக்கு அங்கே பிடித்திருந்தால் இரு.

இருந்தாள். வளர்ந்து அங்கேயே டிக்கெட் கொடுத்தாள். யார் யாரையோ ஹல்லுக்கு அனுப்பினாள். தான் போகவில்லை.

5

அறுபதுகளில் பாதையை மூடினார்கள். கடைசி வண்டிக்கு ஊரே திரண்டது. பேண்டு வாசித்தார்கள், என்ஜினுக்கு மலர்வளையம் மாட்டினார்கள். விசில் ஊதியதும் ஹெட்டி டிக்கெட் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓடிப்போய் ஏறினாள்.

"ஏ ஹெட்டி! இது திரும்பி வராதுடி!" என்று நோரா கத்தினாள்.

"தெரியும் அத்தை!"

ஹல்லில், அம்மாவின் அஞ்சலட்டையிலிருந்த விலாசத்தில் போய்க் கதவைத் தட்டினாள். நரைத்துப்போன ஐவி திறந்தாள். யாரென்று கேட்கவில்லை. உள்ளே விட்டு, கெட்டிலை அடுப்பில் வைத்தாள். இருவரும் எழும்பும் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன மணிக்குத் திரும்பற?"

"திரும்பிப் போக வண்டி இல்லம்மா."

6

ஐவி என்ன பதில் சொன்னாள் என்பதை ஹெட்டி சொல்லவில்லை. "அது எனக்கு மட்டும்," என்றார். ஆஸ்டர்விக்குக்கு மறுநாளே வந்தாரா, பல வருடம் கழித்து வந்தாரா என்பதையும் சொல்லவில்லை.

எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஐவி, "அப்ப இரு," என்கிறாள். இன்னொன்றில், "பஸ் இருக்கே," என்கிறாள். முதலாவதுதான் நல்ல அம்மா என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அது அவ்வளவு நிச்சயமில்லை. "பஸ் இருக்கே" என்பதைக்கூட, கோப்பையைத் துடைத்தபடி, மகளைப் பாராமல், மெதுவாகச் சொன்னால்...

நீங்கள் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் கொதித்துவிட்டது. ஐவி வாயைத் திறக்கிறாள்.