இடப்பக்கத்துக் கை

இடப்பக்கத்திலிருந்துதான் வந்தது அந்தக் கை, தண்ணீருக்குள் எல்லாம் குளிர்ந்து கிடக்கையில் அது மட்டும் வெதுவெதுப்பாக என் விரல்களுக்குள் நுழைந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அமுக்கியது, நான் திரும்பிப் பார்க்கவில்லை, முகமூடிக் கண்ணாடியில் நேரே இருப்பதுதான் தெரியும், தலையைத் திருப்பினால் தண்ணீர் புகுந்துவிடுமோ என்று பயம், எதிரே ஒரு கிளிமீன் பவளப் பாறையை முறுக்குக் கடிப்பது மாதிரி கடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சத்தமும் என் மூச்சுச் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை, பேச்சே இல்லை, அப்பாடா, எங்கள் இருவருக்கும் பேச்சுதானே சனியன், வாயைத் திறந்தால் சண்டை, ஆளுக்கொரு மூச்சுக்குழாய் ரப்பரைக் கடித்துக்கொண்டு கடலுக்கடியில் கிடக்கும்போதுதான் என் கணவர் தயாளனுக்கு என் கையைப் பிடிக்கத் தோன்றியிருக்கிறது என்று நினைத்தேன், அழுகை வந்தது, முகமூடிக்குள் அழுதால் துடைத்துக்கொள்ள முடியாது, அது அப்போதுதான் தெரிகிறது.

அந்தமான் பயணம் அவருடைய அக்கா புவனா செய்த ஏற்பாடு, திங்கட்கிழமை விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட வக்கீல் வரச்சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும், போடுறதுன்னா போடுங்க, அதுக்கு முன்னாடி நாலு நாள் ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்து பாருங்க என்று டிக்கெட்டைக் கையில் திணித்தார், இருந்து பார்த்தோம், மூன்று நாளும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு, நாலாம் நாள் காலையில் எங்களைக் கறுப்பு ரப்பர் உடைக்குள் நுழைத்து, இடுப்பில் ஈயக் கட்டியைக் கட்டி, சகாயம், தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், எங்கள் பயிற்சியாளர், இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊதுங்கக்கா, காது டப்புனு திறக்கும், திறக்கலேன்னா இறங்கக் கூடாது, உங்க பின்னாடி சிலிண்டரைப் பிடிச்சுக்கிட்டு நான் வருவேன், சாருக்கு வேற ஆள், பயப்படாதீங்க.

பயப்படாதே என்று அந்தக் கை மறுபடியும் மூன்று தடவை அமுக்கிவிட்டு, விலகி, மேலே வெளிச்சத்துக்குப் போய்விட்டது, பின்னாலேயே நானும் வருகிறேன், படகில் தயாளன் துண்டைப் போர்த்திக்கொண்டு பிஸ்கட் தின்கிறார், தலைமுடி காய்ந்து காற்றில் பறக்கிறது, இல்லை, நனைந்திருந்தது, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, இல்லை, பறந்தது, கீழ என் கையைப் பிடிச்சு மூணு தடவை அமுக்கினது நீங்கதானே என்று கேட்டேன், அவர் மென்றதை விழுங்கினார், என் முகத்தைப் பார்த்தார், ஆமா, நான்தான் என்றார், விழுங்க அவ்வளவு நேரமா, அதை நான் ஏன் கவனித்தேன், சகாயத்திடம் தனியாகக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாரே, திங்கட்கிழமை நாங்கள் வக்கீலிடம் போகவில்லை.

பதினோரு வருஷமாகக் கல்யாண வீடுகளில் இதையே சொல்கிறார், இவ கீழ நடுங்கிப்போயிட்டா, நான்தான் கையைப் பிடிச்சு மூணு அமுக்கு அமுக்கினேன், கேட்டுக் கேட்டு என் நினைவில் அவர் தலைமுடி கொஞ்சம் கொஞ்சமாக நனைந்துகொண்டே வந்தது, இன்று காலைக்குள் முழுசாகவே நனைந்துவிட்டிருந்தது, பைபாஸ் ஆபரேஷனுக்காக அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்திருக்கிறார்கள், நர்ஸ் வருவதற்குள் என்னை அவசரமாகக் குனியச் சொல்கிறார், உன்கிட்ட ஒண்ணு சொல்லிடணும், அன்னிக்கு எனக்குக் காது திறக்கல, ரெண்டடி இறங்கினதுமே ஏறிட்டேன், படகுலதான் இருந்தேன், நீ கேட்டப்போ உன் முகத்தைப் பாத்துட்டு இல்லேன்னு சொல்ல வாய் வரல, அடப்பாவி மனுஷா, இதைச் சொல்ல இந்த நேரம்தானா கிடைத்தது, அப்படியானால் அது யார், சகாயம் என் முதுகுக்குப் பின்னால் சிலிண்டரைப் பிடித்திருந்தார், கீழே எங்களைப் போலவே இறங்கிய நாலைந்து கூட்டம் இருந்ததே, எவள் புருஷன், அவனும் என்னை வேறு யாரோ என்று நினைத்துத்தான் அமுக்கினானா, எவனோ ஆள் மாறிப் பிடித்த கைக்காகவா நான் பதினோரு வருஷம் இவரோடு, கோபமாக வருகிறது, சிரிப்பும் வருகிறது, எதை முதலில் சொல்வது, அதற்குள் ஆக்சிஜன் முகமூடியை மாட்டி ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள், அவர் மூச்சு கடலுக்கடியில் கேட்ட என் மூச்சு மாதிரியே கேட்கிறது, மருந்து ஏறிக் கண் செருகுகிறது, தலையைத் திருப்ப அவரால் முடியவில்லை, நான் இடப்பக்கமாக வந்து அவர் விரல்களுக்குள் என் கையை நுழைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அமுக்குகிறேன், யார் கை என்று தெரிகிறதோ இல்லையோ, அவர் திரும்ப அமுக்குகிறார், ஒன்று, இரண்டு, அதோடு விரல்கள் தளர்ந்துவிட்டன, அம்மா, கையை விடுங்க, ஆபரேஷன் தியேட்டர் வந்துடுச்சு என்கிறார் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், மூணாவதை வந்து அமுக்கணும், கேட்குதா, வந்து அமுக்கணும் என்று மூடுகிற கதவைப் பார்த்து நான் கத்துகிறேன்.