ஜூனிபர் புதருக்குள் இரண்டு கத்தி

லோர்னாவிடம் பதினேழு மடக்குக் கத்திகள் இருந்தன. ஒவ்வொன்றும் பட்டறைக்காரரிடம் சொல்லிவைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. ஆனால் பெட்டிக்குள் பூட்டி அழகு பார்க்கிறவள் இல்லை அவள். குதிரைமசால் தீவனக் கட்டின் கயிற்றை அறுக்க ஒன்று, வேலியோரம் போகும்போது ஒன்று என்று தினமும் ஏதாவது ஒன்று அவள் பையில் இருக்கும்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் அவள் ஊர் நீதிமன்றத்துக்கு ஜூரியாக வரச்சொல்லிக் கடிதம் வந்த நாளிலும் கை பழக்கத்தில் ஒன்றை எடுத்துச் செருகிக்கொண்டது. வாசல் காவலர் மறித்தார்.

"கத்தியோட உள்ள விடமாட்டேன்மா. வண்டியில வச்சுட்டு வாங்க."

"வண்டி ஏது? தம்பி இறக்கிவிட்டுட்டுப் போயிட்டானே."

"அப்ப வெளிய எங்கயாவது வைங்க. நான் பாக்கல."

படியோரத்து ஜூனிபர் புதருக்குள் கையை விட்டாள். விரலில் ஏதோ துணி தட்டுப்பட்டது. பிரித்தால் இன்னொரு மடக்குக் கத்தி! மான்கொம்புப் பிடி, கீறலே இல்லாத அலகு. 'அடேயப்பா, நமக்கு முந்தியே ஒரு ஆள் வந்திருக்கு' என்று சிரித்துக்கொண்டு, அதைச் சுற்றி வைத்துவிட்டு, பக்கத்திலேயே தன்னுடையதையும் வைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு விட்டதும், ஜூரிக்கு வந்திருந்த பல் டாக்டர் வெண்டல் அவளை முந்திக்கொண்டு புதரிடம் ஓடினார். அங்கே தோட்டக்காரர் டெல்பர்ட் மண்டியிட்டுச் சொட்டுநீர்க் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார், மான்கொம்புக் கத்தியால்.

"ஐயோ, அது என் கத்தி!"

"உங்களுதா சார்? கோவிச்சுக்காதீங்க. என்னுது மொக்கை. புதருக்குள்ள ரெண்டு கிடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

"மூணு வருஷம் காத்திருந்து வாங்கினது! ஒரு காகிதம்கூட இதால அறுத்ததில்ல!"

"ஆனா சார், ரெண்டையும் போட்டுப் பாத்தேன், அறுப்புன்னா அந்த இன்னொண்ணுதான்."

"அது என்னுது. நானே தீட்டினது," என்றாள் லோர்னா. "அதாலயே வேலைய முடிங்க, அவசரமில்ல."

வெண்டலின் கத்தியை வாங்கித் துடைத்துப் பார்த்தாள். மண் பட்டு மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். டாக்டர் முகம் செத்துப்போயிருந்தது.

"தினமும் பையில வச்சுக்குவீங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

"தினமும்."

"பெத்த பிள்ளைய நடக்கவிடாம இடுப்புலயே வச்சிருந்தா எப்படி டாக்டர்? சாப்பாடு என்ன கொண்டுவந்தீங்க?"

சாசேஜ் இறைச்சியும் பாலாடைக்கட்டியும். அறுக்கச் சொன்னாள். அவர் அலகை வைத்தார், தயங்கினார், பிறகு அழுத்தினார். முதல் துண்டு தடியாக விழுந்தது. நாலாவது துண்டு வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிசு. ஐந்தாவதை டெல்பர்ட்டுக்கு நீட்டினார், கத்தி முனையிலேயே.

"பல்லு பிடுங்குறத விட இது நல்லா வருதே எனக்கு!"

"அத உங்ககிட்ட வர்றவங்க காதுல போட்டுறாதீங்க," என்றாள் லோர்னா.

அவர்கள் மறுபடி வெளியே வரும்வரை இரண்டு கத்திகளும் டெல்பர்ட்டின் கருவிப் பெட்டியில் இருந்தன. மூன்று மணிக்கு, ஜூரிக்கு நீங்கள் வேண்டாம் என்று இருவரையும் அனுப்பிவிட்டார்கள். தம்பி வரும்வரை லோர்னா படியில் உட்கார்ந்து, தன் பையிலிருந்த தீட்டுக்கல்லில் அலகை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். டாக்டர் குனிந்து, ஈறைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.