உத்தமனின் குரலுக்கு யாரும் சொல்லவில்லை

உத்தமனின் குரல்வளையை எடுத்த மறுநாள் காலை, அவன் குரல் மட்டும் வழக்கம்போல பஸ் ஏறி சிவாஜிநகருக்கு வியாபாரத்துக்குப் போனது. ஆபரேஷன் பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை. உத்தமனுக்கே யாரும் சொல்லவில்லை. தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று மைத்துனன் அய்யாவு டாக்டரைத் தனியே அழைத்துப்போய், "அவருக்குத் தெரிய வேணாம் சார், தாங்கமாட்டாரு" என்று கேட்டுக்கொண்டான். மனைவி தமயந்தியும் தலையாட்டினாள். உத்தமனிடம் தொண்டையைச் சுத்தம் செய்யப்போகிறார்கள் என்று சொல்லிவைத்தார்கள். அவனும் அய்யாவு விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தீபாவளிச் சரக்கை நினைத்தபடி படுத்தான். கண் விழித்தபோது கழுத்தின் நடுவில் ஒரு துளை இருந்தது. மூச்சு அதன் வழியாகப் போய்வந்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தான்; காற்றுகூட வரவில்லை.

குரல், நடைபாதையில் உத்தமன் வருஷக்கணக்காக நைட்டி விற்ற இடத்தில் நின்றுகொண்டு, "பன்னி அக்கா, ஆவோ ஆபா, வாம்மா வாம்மா, சாயம் போனா கொண்டாந்து மூஞ்சில வீசு" என்று கன்னடம், உருது, தமிழ் என மூன்று மொழியிலும் கூவியது. பக்கத்தில் பூட்டு விற்கும் ராஜேந்திரன் மூட்டையைப் பிரித்துக் கொடுத்தார். ஆளில்லாத குரலைப் பற்றிப் பெண்கள் கவலைப்படவில்லை, எக்ஸ்எல் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். பஸ் கண்டக்டர் மட்டும் தடுமாறினார். பெண் குரலாக இருந்தால் டிக்கெட் வேண்டாம், இது ஆண் குரல். கடைசியில், சீட்டும் பிடிக்கவில்லை, லக்கேஜும் இல்லை என்று விட்டுவிட்டார்.

உத்தமன் மர்பி டவுன் வீட்டுக்குத் திரும்பிய அன்று குரல் ஓடிவந்து அவன் வாய்க்குள் புகுந்தது. புகுந்த வேகத்தில் கழுத்துத் துளை வழியே வெளியே வந்து விழுந்தது. "என்னடா இது, பின்வாசல் வச்சிருக்காங்க?" என்றது. தமயந்தி அவசரமாக, "வீக்கம் வத்தட்டுங்க, அப்புறம் உள்ள போயிடலாம்" என்றாள். அய்யாவு தெருவில் வீடு வீடாகப் போய், குரலிடம் யாரும் எதையும் உளறிவிட வேண்டாம், அது தாங்காது என்று சொல்லிவிட்டு வந்தான். தெரு ஒத்துழைத்தது. கெட்ட செய்தியை உரியவரிடம் மட்டும் மறைப்பதில் அந்தத் தெருவுக்கு நல்ல பழக்கம் இருந்தது. குரல் வந்தால் பேச்சை மாற்றி, குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார்கள். கட்டிலில் உட்கார்ந்து இதைக் கேட்ட உத்தமனுக்கு, தன் விஷயத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று புரிந்தது. எழுதிக் காட்டலாம் என்றால் குரலுக்குக் கண் இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, அவனுக்கு வரும் கேள்விக்கெல்லாம் குரலே பதில் சொன்னது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், கூடவே வந்த குரல் முந்திக்கொண்டு, "ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கேன் டாக்டர்" என்றது. டாக்டர் மகிழ்ந்துபோய் அடுத்தவரைக் கூப்பிட்டார். உத்தமனுக்கோ சளி வந்து துளையை அடைத்தது. தண்ணீர் உள்ளே போய்விடுமோ என்று பயந்து குளிப்பதையே விட்டு ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டான். மூக்கில் காற்று போகாததால் மீன்குழம்புக்கும் பினாயிலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சூடான காபியை ஊதிக் குடிக்க முடியவில்லை. ஊதினால் காற்று கழுத்தால் வந்து, தமயந்தி நைட்டித் துணியில் தைத்துக் கட்டிய மறைப்பை ஆட்டியது. இப்படியெல்லாம் ஆகும் என்று முன்னால் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் எழுதி நீட்டியபோது, பேனா கீறும் சத்தத்தைக் கேட்ட குரல், "சும்மா எழுதுவான் டாக்டர், அவன் அப்படித்தான்" என்று சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

பேச்சுப் பயிற்சி தரும் டோரீன்தான் குரலை வாசலில் நிறுத்தினாள். "நீங்க வெளிய வெயிட் பண்ணுங்க அண்ணா. நான் இந்த அண்ணாகிட்ட பேசணும்." கதவைச் சாத்திவிட்டு, என்ன நோய், எதை எடுத்தார்கள், எது திரும்ப வரும், எது வராது என்று படம் வரைந்து உத்தமனுக்குச் சொன்னாள். அன்றுதான் அவன் அழுதான். பிறகு தொண்டைக்குள் ஒரு சின்ன வால்வு வைத்தார்கள். துளையை விரலால் மூடிப் பேச அவள் பழக்கினாள். மாதங்கள் போயின. வந்த சத்தம் தகரக் கதவைத் தரையில் இழுப்பது போல இருந்தது.

முதலில் என்ன பேசுவது என்று உத்தமன் எப்போதோ முடிவு செய்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, விரலைக் கழுத்தில் வைத்தான்.

"கேன்சர்டா. தொண்டைய எடுத்துட்டாங்க. இனிமே நீ உள்ள வர முடியாது."

அய்யாவு, "ஐயோ மாமா!" என்று எச்சில் கையோடு எழுந்தான்.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு நாள் லீவு போட்டு அழுதிருப்பேனே" என்றது குரல்.

"நானுந்தான்" என்றான் உத்தமன். தமயந்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் குரல் வேலைக்குப் போகவில்லை. சமையலறை மூலையிலிருந்து நாள் முழுக்க விசும்பல் கேட்டது. யாரும் சமாதானம் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் இருவரும் சேர்ந்து பஸ் ஏறினார்கள். கண்டக்டர் ஒரே டிக்கெட்டைக் கொடுத்தார். கூவுவது குரலின் வேலை என்றும் விலை சொல்வது உத்தமனின் வேலை என்றும் ஆனது. தகரக் கதவோடு பேரம் பேச ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது குரல், "அவனையே கேளுங்க டாக்டர்" என்று ஒதுங்கிக்கொண்டது. உத்தமன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விரலைக் கழுத்தில் வைத்தான். வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். அவன் இன்னும் காபி விஷயத்துக்கே வரவில்லை.