உருளைக்கிழங்குக் குருவி

வேலையை விட்டுவிட்டு வாழ்த்து அட்டை செய்யப்போகிறேன் என்றபோது எல்லோரும் தலையாட்டினார்கள், என் அக்காவைத் தவிர. "உருளைக்கிழங்க வெட்டி, சாயத்துல தொட்டு அடிக்கிறதெல்லாம் சின்னப்பிள்ளைங்க வேலைடி" என்று என் மாமியார் முன்னாலேயே சொல்லிச் சிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது. அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

இப்போது அவள் தூரத்து ஊருக்குக் குடிபோகிறாள். ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. பேசாமலே போய்விடுவாளோ என்று நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நானாகப் போய்ப் பேச வாய் வரவில்லை. கைதான் வந்தது.

சனிக்கிழமை ஒரு கிழங்கைப் பாதியாக அறுத்து, வெட்டிய பக்கத்தில் பேனாவால் குருவி வரைந்தேன். குருவியை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள சதையைச் சீவினால் அச்சு தயார். ஈரத்தைத் துணியால் ஒற்றி, ஸ்பாஞ்சால் நீலச் சாயம் தடவி, அட்டையை விரித்து உள்ளே வலது பக்கத்தில் அழுத்தினேன். இடது பக்கம் பார்த்தபடி ஒற்றைக் குருவி. எழுத ஒன்றும் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். "குடு, போற வழியில உங்க அக்காகிட்ட குடுத்துடறேன்."

"காயட்டும்ங்க."

"வழியிலயே காஞ்சிடும்." அட்டையைப் பட்டென்று மூடி உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஈரச் சாயத்தை மூடினால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும். இந்த மனுஷனை என்னவென்று சொல்வது! அக்கா சிரிக்க இன்னொரு காரணம் கிடைத்தது.

சாயங்காலம் கதவைத் திறந்தால், அக்கா. கையில் விரித்த அட்டை. இடது பக்கத்தில் மங்கலாக இன்னொரு குருவி ஒட்டியிருந்தது. இரண்டும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துக்கொண்டிருந்தன.

"இது நாம ரெண்டு பேருந்தானே?"

"ஆமா" என்றேன் கூசாமல். வேலை வீட்டுக்காரருடையது, பெயர் எனக்கு.

"அதென்ன, நான் மட்டும் சோகை பிடிச்சவ மாதிரி இருக்கேன்?" பதிலுக்குக் காத்திராமல் மேசை முன்னால் உட்கார்ந்து, அங்கேயே கிடந்த கிழங்கில் சாயம் தடவி, மங்கல் குருவியின் மேலேயே ஒரு அழுத்து அழுத்தினாள்.

எடுத்துப் பார்த்தால், அதே கிழங்கு, அதே இடது பக்கம் பார்க்கிற குருவி. அக்காவின் குருவிக்கு இப்போது முன்னால் ஒரு அலகு, பின்னால் ஒரு அலகு.

"சின்னப்பிள்ளைங்க வேலைதானே!" என்றேன்.

"வாய மூடுடி" என்று சிரிக்க ஆரம்பித்தவள், சிரிப்பு முடியுமுன்னே அழுதுவிட்டாள். "அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நீ பேசாமலே என்னை அனுப்பிடுவியோன்னு எவ்வளவு பயந்தேன் தெரியுமா?"

"நானும் அதுக்குத்தான் பயந்தேன் அக்கா."

கொஞ்ச நேரம் இருவரும் அழுதோம். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்: "வலது பக்கம் பாக்கற குருவிக்கு வேற கிழங்கு வெட்டணும்."

"பாத்திரமெல்லாம் காலையில மூட்டை கட்டிக்கலாம்" என்று அக்கா கத்தியை எடுத்துக்கொண்டாள். "நீ வரைஞ்சு குடு, நான் வெட்டறேன்."