வைஜெயந்தி பெரிதாக இருந்தாள்

திருநெல்வேலியில் சர்க்கஸ் போட்டிருந்தபோது, மதிய ஆட்டத்துக்குச் சற்று முன்னால், யானை வைஜெயந்தி ஒப்பனைக் கூடாரத்துக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டாள். நெற்றியில் ஒட்டியிருந்த ஜிகினா நட்சத்திரத்தைத் தும்பிக்கையால் தடவினாள். கண்ணாடிக்குள்ளும் ஒரு தும்பிக்கை தடவியது.

"மாஸ்டர், இது நானா?"

"நீதான்," என்றார் கஸ்பார். அவளைக் குட்டியிலிருந்து பழக்கியவர். அவள் பேசியதில் அவருக்கு ஆச்சரியமில்லை. இத்தனை காலம் பேசாமல் இருந்ததுதான் கொஞ்சம் உறுத்தியது.

"இவ்வளவு பெரிசா இருக்கேன். அப்புறம் எதுக்கு அந்தச் சின்ன முக்காலியில உக்காருறேன்?"

கஸ்பார் யோசித்துப் பார்த்தார். நட்சத்திரத்தை எடுத்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு நான் உக்காருறேன். நீ போய்ப் பாரு."

வைஜெயந்தி கேலரிக்குப் போனாள். ஒரு குடும்பம் நகர்ந்து இடம் விட்டது. மேனேஜர் வந்தார்.

"டிக்கெட் எங்க?"

"நான் இங்கதான வேலை பாக்குறேன்."

"அப்பச் சரி."

ஒலிபெருக்கியில் யானையின் பெயரைச் சொன்னார்கள். கஸ்பார் போய் முக்காலியில் உட்கார்ந்து ஒரு காலைத் தூக்கினார். முக்காலி சுருங்க ஆரம்பித்தது. தட்டு அளவானது. அப்புறம் சட்டைப் பொத்தான் அளவானது. ஜனங்கள் கைதட்டினார்கள். "யானை கொஞ்சம் இளைச்சிருக்கு," என்றாள் ஒரு பெண்.

விழுந்தால் அங்குசத்தோடு ஒருவர் வருவார் என்று கஸ்பாருக்குத் தெரியும். இதுவரை அந்த ஒருவர் அவர்தான். தூக்கிய காலை இறக்காமல் பிடித்துக்கொண்டார்.

வைஜெயந்தி கைதட்டவில்லை. இறங்கி வந்து, அவரைத் தும்பிக்கையால் தூக்கித் தரையில் நிறுத்தினாள்.

"முட்டி வலிக்குதா, மாஸ்டர்?"

"வலிக்குது. உனக்கு?"

"ரொம்ப நாளா."

கஸ்பார் அவள் முட்டியை வெகுநேரம் நீவிவிட்டார். பிறகு இருவரும் வெளியே நடந்தார்கள். வாசலில் டவுன் பஸ் நின்றது. வைஜெயந்தி ஏறினாள், பின்னாலேயே கஸ்பாரும் ஏறினார். பஸ் தேவையான அளவுக்கு நீண்டுகொடுத்தது.

"எங்கேம்மா இறங்கணும்?" என்று கண்டக்டர் அவளிடம் கேட்டார்.

யாரும் அவளிடம் இதைக் கேட்டதே இல்லை. நிதானமாக யோசித்தாள்.

"தண்ணியில."

"ஆழமாவா, ஆழமில்லாமலா?"

"ஆழமா."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நேராக ஆற்றுக்குள் போய் நின்றது. பயணிகள் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு, இந்த வெயிலுக்கு இது நல்ல ரூட்டு என்று பேசிக்கொண்டார்கள். வைஜெயந்தி இறங்கினாள். தண்ணீர் அவள் காதுவரை வந்தது. காதுகளை ஆட்டிப் பார்த்தாள். சிரித்தாள்.

கஸ்பாருக்கு நீச்சல் தெரியாது. பஸ் படிக்கட்டில் நின்று, "ஏறிக்கட்டுமா?" என்றார். எத்தனையோ ஊரில் அவள்மேல் ஏறியிருக்கிறார். கேட்டுக்கொண்டு ஏறியதில்லை.

"இருங்க மாஸ்டர். நான் குளிச்சிட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு வைஜெயந்தி முங்கினாள்.

கஸ்பார் செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்தார்.