அத்திம்பேருக்கு வெட்டிய மெஷ்

அறுவை சிகிச்சை படிக்க வரும் பிள்ளைகளிடம் நான் வாய் வலிக்கச் சொல்லும் விஷயம் ஒன்றுதான்: குடலிறக்கத்துக்கு மெஷ், அதாவது பிளாஸ்டிக் வலைத்துண்டு, வைக்கும்போது கஞ்சத்தனம் கூடாது. ஓட்டை இரண்டு விரல் அகலம்தானே என்று பார்க்காதே. சுற்றிலும் தாராளமாக மூட வேண்டும். இடுப்பெலும்பின் முன்முனையைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் படிய வேண்டும். உள்ளே போனபின் அது சுருங்கவும் செய்யும். அதனால் அளவு பதினைந்துக்கு ஏழரை சென்டிமீட்டர். இப்படி வகுப்பில் முழங்குகிற நான்தான் சொந்த அக்காவின் கணவருக்குப் பத்துக்கு ஐந்து வைத்தேன்.

பிச்சுமணி அத்திம்பேருக்கு வலியசாலையில் கோயில் மடப்பள்ளி வேலை. நிவேத்தியம் வேகும் பெரிய வெண்கல உருளியை அடுப்பிலிருந்து தனி ஆளாக இறக்குவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அப்பா போனபிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். மறுத்துப் பேச விஜயம் அக்காவே கற்றுக்கொள்ளவில்லை, நான் எங்கே?

மெஷ் என்றாலே அவருக்கு அருவருப்பு. "பிளாஸ்டிக்கை வயித்துல வெச்சுண்டு பகவானுக்கு எப்படிடா நிவேத்தியம் பண்ணுவேன்?" என்றார். நான் கெஞ்சியதில் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, இத்துனூண்டு வெச்சா மதி, போறும்."

ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டிருந்ததால் இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. வாய் நன்றாக விழித்திருந்தது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "எவ்ளோடா வைக்கறே? காட்டு" என்றார். காட்டினேன். காட்டியிருக்கவே கூடாது.

"அய்யோ, கைக்குட்டை மாதிரின்னா இருக்கு! பாதி போறும்டா."

ஐம்பது வயதில், கையில் கத்தரிக்கோலோடு, ஏழாம் வகுப்புப் பையனாகிவிட்டேன். வெட்டினேன்.

நர்ஸ் அஜிதா என்னைப் பார்த்தாள். "சாரே, இது செறுதாயிப் போயில்லே?"

"சின்னதுன்னு எனக்குத் தெரியும்" என்று எரிந்து விழுந்தேன். தெரிந்துதான் இருந்தது. அதுதான் கேவலம்.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் மாதம் உருளியை இறக்கும்போது, மெஷ் எட்டாத அந்த ஓரத்திலேயே மறுபடி பிதுங்கியது. திரும்ப அறுத்துச் சரியான அளவில் வைக்கலாம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். வைத்தது தங்கவில்லை என்றால் பகவானுக்கு இஷ்டமில்லை என்றுதான் அர்த்தமாம்.

"பகவான் இல்லை அத்திம்பேர். நான் சின்னதா வெட்டினதுதான் காரணம். தப்பு என்மேலதான்."

"போடா அசடு. வேற டாக்டர்னா என் பேச்சைக் கேட்டிருப்பானா? நீ கேட்டியே!"

மடப்பள்ளிக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அத்திம்பேர் பிதுக்கத்தை அமுக்க வேட்டிக்குள் பெல்ட் கட்டிக்கொண்டு கோயில் வாசலில் நிற்கிறார். நான் அந்தப் பக்கம் போனால் போதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் என்னைக் காட்டுகிறார். "என் மச்சினன். பெரிய சர்ஜன். ஆனா இன்னிக்கும் நான் சொன்னா சொன்னதுதான்."